புதுப்பிப்பு: கூடுதல் பயனராக இருந்த கணக்கு என் கிரெடிட் அறிக்கையிலிருந்து நீங்கியது

அமெரிக்காவில் அண்ணனின் கிரெடிட் கார்டில் நான் கூடுதல் பயனராக (அவர் கணக்கில் கார்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவராக) மட்டுமே இருந்தும், அதன் பெரும் நிலுவை என் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் ஏறி என் கிரெடிட் மதிப்பெண்ணைக் குறைத்தது பற்றி முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் கார்டு வழங்கிய வங்கியிடமே பெயரை நீக்கச் சொல்லுங்கள் என்ற யோசனைதான் பலன் தந்தது. அண்ணன் தொலைபேசியில் கேட்டதும் நீக்கிவிட்டார்கள். பில் சுழற்சி முடிந்தபின் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய கிரெடிட் தகவல் நிறுவனங்களின் அறிக்கைகளை இலவசமாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் அந்தக் கணக்கு, பொறுப்பு என்ற கட்டத்தில் 'ஆதரைஸ்டு யூசர்' (கூடுதல் பயனர்) என்ற குறிப்போடு அப்படியே நின்றது. கூடுதல் பயனருக்குக் கடனை அடைக்கும் சட்டப் பொறுப்பு பொதுவாக இல்லை என்பதால், அந்த வரியையே சுட்டிக்காட்டி, வங்கியின் உறுதிக் கடிதத்தையும் இணைத்து அந்த நிறுவனத்திடம் ஆட்சேபம் பதிந்தேன். பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும் என்பது சட்டம், அதற்குள் நீக்கினார்கள்.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. நிலுவையோடு அக்கணக்கின் நீண்ட வரலாறும் போய்விட, என் கணக்குகளின் சராசரி வயது குறைந்துவிட்டது. ஆயினும் பயன்பாட்டு விகிதம் (கடன் வரம்பில் பயன்படுத்திய பங்கு) வெகுவாக இறங்கியதால் மதிப்பெண் உயர்ந்தே இருக்கிறது. அண்ணனின் கார்டு வழக்கம்போல் இயங்குகிறது.