எஸ்.பி. 9: ஒரு மனையில் எத்தனை வீடு என்பதை யார் சொல்வது, நகரமா மாநிலமா?

நாற்பதுக்கு அறுபது:
முதலில் எஸ்.பி. 9 (செனட் மசோதா 9) என்ற இந்த மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம், பாதிச் சண்டை படிக்காமலேயே நடக்கிறது. கலிபோர்னியாவில் தனிவீடு மட்டுமே அனுமதிக்கப்பட்ட மனையில் இனி இரண்டு வீடு கட்டலாம். மனையை இரண்டாகப் பிரித்தால் மொத்தம் நான்கு. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6,000 சதுர அடி மனை என்றால் 2,400, 3,600 என்று 40-60 வரை பிரிக்கலாம். எந்தத் துண்டும் 1,200-க்குக் கீழே போகக்கூடாது. பக்கத்திலும் பின்னாலும் நான்கு அடிக்கு மேல் இடைவெளி விடச் சொல்லி நகரம் கேட்க முடியாது. பொது விசாரணை கிடையாது. விதிக்குள் அடங்கினால் அதிகாரி கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இதை நகர மன்றங்களிடமே விட்டிருக்கலாமே என்கிறார்கள். விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வுட்சைட் என்ற ஊர் ஒன்று போதும். 2022 தொடக்கத்தில் ஊர் முழுவதையும் மலைச் சிங்கத்தின் வாழிடம் என்று அறிவித்து, எஸ்.பி. 9 விண்ணப்பங்களே வேண்டாம் என்றார்கள். அட்டர்னி ஜெனரல் பொன்டா கடிதம் போட்ட சூட்டில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள்.

வடிகால்:
வுட்சைட்டை வைத்து எல்லா ஊரையும் அளக்காதீர்கள். அது கேலிக்கு வசதியான உதாரணம், அவ்வளவுதான்.

கேள்வி வேறு. நான்கு வீட்டுக்கும் கழிவுநீர் அதே பழைய தெருக் குழாயில்தான் போகிறது. ஒரு மனையில் தாங்கும். ஒரே தெருவில் பத்து மனை பிரிந்தால்? எந்தத் தெருவில் எத்தனை பிரியும் என்பது முன்கூட்டித் தெரியாததால் நகரம் குழாயைப் பெரிதாக்கத் திட்டமிடவும் முடியாது. போதாக்குறைக்கு, மனைப் பிரிப்புக்கு நிபந்தனையாகச் சாலை விரிவுக்கு நிலமோ மனைக்கு வெளியே நடைபாதை வேலையோ கேட்கக்கூடாது என்று சட்டமே கையைக் கட்டிவிட்டது. பார்க்கிங் வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் கேட்க முடியாது. அடிக்கடி பஸ் ஓடும் தடம் அரை மைலுக்குள் இருந்தால் அதுவும் கிடையாது. வீட்டுக்கு இரண்டு கார் இருந்தால் எட்டு கார் எங்கே நிற்கும் என்று மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் உட்கார்ந்திருப்பவர் சொல்லப்போவதில்லை. தொலைபேசி நகர மன்றத்துக்குத்தான் வரும்.

நாற்பதுக்கு அறுபது:
நிலம் கேட்கக்கூடாதே தவிர, புதிதாகக் கட்டுபவரிடம் நகரம் வளர்ச்சிக் கட்டணம் வாங்கத் தடை இல்லை. 750 சதுர அடிக்குக் குறைவான துணை வீட்டுக்கு (மனையைப் பிரிக்காமல் இருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டும் சிறு வீடு) அந்தக் கட்டணம் கிடையாது, எஸ்.பி. 9 வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. குழாய்க்குக் காசு அங்கே வருகிறது. அதோடு, 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவால் பழைய வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பிரித்து விற்ற துண்டும் புதிதாகக் கட்டிய வீடும்தான் இன்றைய விலையில் மதிப்பிடப்படும்.

வடிகால்:
மதிப்பில் 1 சதவீதம் அடிப்படை வரி. அதைப் பள்ளி, கவுண்டி, தண்ணீர், தீயணைப்பு போன்ற சேவைகளுக்கான தனி மாவட்டங்கள் பங்கிட்டபின் நகரத்துக்கு எவ்வளவு வரும்? அதையும் சொல்லுங்கள் சார்.

எல்லைக்கல்:
இருவரும் கொள்கையிலேயே நிற்கிறீர்கள். விண்ணப்பங்கள் குறைவாக வருவதற்குக் காரணம் காகிதத்தில் இருக்கிறது.

மனைப் பிரிப்பு என்றால் சர்வேயர் அளந்து மனை வரைபடம் தயாரிக்க வேண்டும். நகரம் ஒப்புக்கொண்டபின் கவுண்டியில் பதிய வேண்டும். மனை மீது வீட்டுக்கடன் இருந்தால், பிரியும் துண்டை அடமானத்திலிருந்து விடுவிக்க வங்கி சம்மதிக்க வேண்டும். பலர் முட்டி நிற்பது இங்கேதான். குறைந்த வட்டியில் கொடுத்த கடனுக்குப் பிணையைப் பாதியாகக் குறைக்க வங்கிக்கு என்ன அவசரம்? அப்புறம் பின் துண்டுக்குத் தெருவிலிருந்து வழி வேண்டும். முன்வீடு மனையின் அகலம் முழுக்க அடைத்து நின்றால் வழி விட இடமே இருக்காது. வீட்டின் ஒரு பக்கத்தை இடிக்க நேரும். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் முன் துண்டின் குறுக்கே போக உரிமைப் பத்திரம் எழுத வேண்டும். அதை மறந்துவிட்டு விற்றால் வழக்குதான்.

கூடவே, பிரிக்கிறவர் அங்கே ஒரு வீட்டில் மூன்று ஆண்டு குடியிருக்கும் எண்ணத்தோடு சத்தியக் கடிதம் கொடுக்க வேண்டும். கட்டி விற்கும் தொழில்காரர் இதிலேயே கழன்றுவிடுவார். கடைசி மூன்று ஆண்டில் வாடகைக்காரர் இருந்த வீட்டை இடிக்கவும் முடியாது. இவ்வளவையும் பார்த்தவர் பேசாமல் பின்கட்டில் துணை வீடு கட்டிக்கொள்கிறார். அதற்கு மனை வரைபடமும் வேண்டாம், சத்தியமும் வேண்டாம்.

நாற்பதுக்கு அறுபது:
துணை வீடு எப்படி ஓடத் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் எல்லைக்கல். 1982-லேயே சட்டம் இருந்தது, ஆனால் நிபந்தனை போடும் அதிகாரம் நகரத்திடம். பார்க்கிங், பெரிய மனை, தனி விசாரணை என்று கேட்டு முடக்கினார்கள். 2017-லும் 2020-லும் மாநிலம் ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. 2022-இல் மட்டும் அனுமதி இருபதாயிரத்தைத் தாண்டியது.

எஸ்.பி. 9-லும் அதே விளையாட்டு. குறைந்தது 800 சதுர அடி வீடு கட்ட இடம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னால், 800-க்கு மேல் ஒரு அடி கூடாது, மாடி கூடாது என்று விதி எழுதின சில நகரங்கள். அதனால்தான் எஸ்.பி. 450 என்ற திருத்தச் சட்டம் வந்தது. அந்த மண்டலத்தில் மற்ற வீடுகளுக்கு இல்லாத நிபந்தனையை இதற்கு மட்டும் போடக்கூடாது. 60 நாளில் பதில் இல்லையென்றால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். 2025 ஜனவரியிலிருந்து.

வடிகால்:
நீதிமன்றத்தை விட்டுவிட்டீர்களே. வழக்குப் போட்ட ரெடோண்டோ பீச், டொரன்ஸ், கார்சன், விட்டியர், டெல் மார் ஐந்தும் சாசன நகரங்கள், அதாவது சொந்தச் சாசனப்படி உள்ளூர் விவகாரங்களைத் தாமே நடத்துபவை. உள்ளூர் விவகாரத்தில் மாநிலம் தலையிட வேண்டுமென்றால் மாநிலம் தழுவிய நோக்கமும் அதற்குப் பொருந்திய வழியும் இருக்க வேண்டும். மலிவு வீடு என்று நோக்கம் எழுதிவிட்டு, ஒரு வீட்டைக்கூடக் குறைந்த விலையில் கொடு என்று சட்டம் கேட்கவில்லை. 2024 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நீதிபதி அந்த ஐந்துக்கும் இது செல்லாது என்றார்.

எல்லைக்கல்:
அந்த ஓட்டையையும் எஸ்.பி. 450 அடைக்கப் பார்த்தது. நோக்கப் பத்தியைத் திருத்தி எழுதினார்கள்.

வடிகால்:
பத்தியைத் திருத்தினால் வீடு மலிவாகிவிடுமா? சரி, லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதிக்கு என்ன பதில்? 2025 ஜனவரித் தீயில் வெளியேற வழியில்லாமல் மக்கள் காரைத் தெருவிலேயே விட்டு ஓடினார்கள். ஜூலையில், எஸ்.பி. 9-இல் கையெழுத்துப் போட்ட அதே ஆளுநர் நியூசம், எரிந்த பகுதிகளில் எஸ்.பி. 9-ஐக் கட்டுப்படுத்த உள்ளூர் அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தார். தெருவின் அகலம் தெரிந்தவன் முடிவெடுக்கட்டும் என்பதைத்தானே நானும் சொல்கிறேன்?

நாற்பதுக்கு அறுபது:
மலைச்சரிவில் ஒற்றை வழி இருக்கும் ஊருக்கு நியாயம். ஒப்புக்கொள்கிறேன். கட்டம் கட்டமாகத் தெரு போட்ட சமவெளி டொரன்ஸுக்கு அதே காரணம் எப்படிப் பொருந்தும்? குறிப்பிட்ட மனையால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் எழுத்தில் காரணம் காட்டி மறுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உங்கள் பழைய குழாயையும் அங்கே எழுதுங்கள். மனை மனையாக, அளவோடு.

வடிகால்:
மனை மனையாக எழுத எத்தனை இன்ஜினியர் வேண்டும்? சின்ன நகரத்தில் இருப்பதே ஓரிருவர். அவர் எழுதி முடிப்பதற்குள் உங்கள் 60 நாள் ஓடிவிடும்.