மே மாதம் ஈசிஆர் பக்கம் காட்டேஜ்: முழுப் பணமும் முன்னாடியே கேட்கிறார்கள், போடலாமா?

குடியாத்தத்தான்:
வணக்கம். கத்திரி வெயில் ஊரையே வறுத்தெடுக்கிறது, பிள்ளைகளோ கடல் கடல் என்று உயிரை வாங்குகிறார்கள், ஏலகிரி என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். மாமல்லபுரம் பக்கம் சமையல் வசதியோடு ஒரு காட்டேஜ், இரண்டு ராத்திரிக்கு. எட்டுப் பேர். அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டார். இன்ஸ்டாவில் ஒரு இடம் பார்த்தேன், வாசலைத் திறந்தால் கடல் என்று போட்டிருக்கிறது, ஆனால் முழுப் பணத்தையும் இப்போதே ஜிபே பண்ணச் சொல்கிறார்கள். நம்பலாமா? கரையில் மீன் வாங்கிச் சமைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

வாலாஜாக்காரன்:
முழுப் பணம் போடவே போடாதீங்க. முதலில் லொகேஷன் கேளுங்கள். ஈசிஆருக்குக் கிழக்கே இருந்தால்தான் கடல் பக்கம், மேற்கே என்றால் பக்கிங்ஹாம் கால்வாய் பக்கம், ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டையும் பீச் காட்டேஜ் என்றுதான் விற்கிறார்கள், ட்ரோனை மேலே ஏற்றிப் படம் எடுத்தால் கடல் மொட்டை மாடிக்குக் கீழேயே இருப்பது போலத்தான் தெரியும். வாட்ச்மேனை வீடியோ காலில் கூப்பிட்டு, கேட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம், நடுவில் கருங்கல் கொட்டியிருக்கிறதா, அம்மா இறங்க முடியுமா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். நடக்க மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

வழி காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம். மலைக்கோயில் அம்மாவுக்கு ஆகாது, தாழக்கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆரணி அக்கா:
தம்பி, மீன் விஷயத்தில் அப்பாவிடம் இப்போதே பேசிவிடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. சின்னப் படகுகள் போகும், அதனால் மீனே இல்லை என்றில்லை, ஆனால் வஞ்சிரம் விலையைக் கேட்டால் அப்பா பேசாமல் திரும்பி வந்துவிடுவார். விடியற்காலையில் கரைக்குப் போய் வலையிலிருந்து உதிர்க்கும்போதே, சங்கராவோ காரப்பொடியோ, கிடைத்ததை வாங்குங்கள்.

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, சோப்பு நுரைக்காது, டீ வாயில் வைக்க முடியாது. எட்டுப் பேருக்கு எத்தனை கேன் வைப்பார்கள் என்று கேட்டுக்கொள். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, இல்லை ஃபேனும் லைட்டும் மட்டும்தானா என்பதையும் கேள். நம் ஊர் வெயில் சுடும், அவ்வளவுதான். அங்கே கசகசவென்று வேர்த்துக்கொண்டே இருக்கும், மத்தியானம் கடல் காற்று கிளம்பினால்தான் ஆள் உட்கார முடியும்.

முள்ளுக் கத்திரிக்காய் ஒரு பை எடுத்துக்கொண்டு போ. மீன் கிடைக்காத நாளுக்கு ஆகும் :)

காட்பாடி ஜங்ஷன்:
எல்லாரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், பிள்ளைகள் போவது கடலில் இறங்கத்தானே. மாமல்லபுரம் கரையில் இழுப்பு மோசம். பார்க்க அமைதியாக இருக்கும், அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். குளிக்கக் கூடாது என்று போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை. கால் நனைப்பதோடு சரி, அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு.

என்னைக் கேட்டால் இன்னும் தெற்கே கடப்பாக்கம் பக்கம் பாருங்கள். கூட்டம் குறைவு. இடிந்த ஆலம்பரைக் கோட்டை கழிமுகத்தை ஒட்டியே நிற்கிறது, 1760இல் ஆங்கிலேயர்கள் உடைத்தது. போகிற வழியில் முதலியார்குப்பத்தில் படகுத்துறை உண்டு, லைஃப் ஜாக்கெட் மாட்டி ஏற்றுவார்கள், பிள்ளைகளுக்கு அது போதும். நமக்கு ஆரணி, வந்தவாசி, மேல்மருவத்தூர் வழி.

வாலாஜாக்காரன்:
அங்கே ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு டீக்கடை கிடைக்காது ஜங்ஷன். வயதானவர்களை வைத்துக்கொண்டு எனக்குச் சரியாகப் படவில்லை.

குடியாத்தத்தான்:
எல்லாருக்கும் நன்றி. இன்ஸ்டா ஆளிடம் லொகேஷன் கேட்டேன், "பக்கத்துல வந்துட்டு போன் பண்ணுங்க சார்" என்கிறார். வீடியோ கால் என்றதும் ஆளே ஆன்லைனில் இல்லை. அதை விட்டாச்சு. கடப்பாக்கம் பக்கம் தரைத்தளமாக ஒன்று இருக்கிறதாம், கால்வாசி அட்வான்ஸ் போதும் என்கிறார்கள், வாட்ச்மேன் சாயங்காலம் நடந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா, ஜெனரேட்டரில் ஃபேன் மட்டும்தானாம். அப்பாவிடம் மீன் விஷயம் இன்னும் சொல்லவில்லை.