சிசிலியா: ‘விண்ணக லீலி’ என்று பொருள் எழுதும் முன்

பெயர்ப் பட்டியல்களில் சிசிலியாவுக்கு நேரே ‘விண்ணக லீலி’ என்று போட்டிருப்பார்கள். லத்தீனில் அப்படி இல்லை. பழைய ரோமில் மகளுக்குத் தனிப்பெயர் தேடுவது அரிது. தந்தையின் குலப்பெயரில் ‘உஸ்’ ஈற்றை நீக்கி ‘ஆ’ சேர்த்தால் அவள் பெயர். யூலியுஸ் வீட்டில் யூலியா, கொர்னேலியுஸ் வீட்டில் கொர்னேலியா, கைக்கிலியுஸ் வீட்டில் கைக்கிலியா. நாம் சிசிலியா என்பது இந்தக் கைக்கிலியாவைத்தான். அதன் வேர் ‘கைக்குஸ்’, அதாவது பார்வையற்றவர். அப்பியா சாலையில் நிற்கும் வட்டக் கல்லறை கைக்கிலியா மெத்தெல்லாவுடையது. கி.மு. முதல் நூற்றாண்டு, ரோமின் கிறிஸ்தவ மறைசாட்சியான புனித சிசிலியாவுக்கு வெகுகாலம் முந்தியது.

*

அந்த லீலி 13ஆம் நூற்றாண்டுப் புனிதர் வரலாற்றுத் தொகுப்பிலிருந்து வந்தது. வானம் ‘கைலும்’, லீலி ‘லிலியும்’. இரண்டையும் ஒட்டிப் பக்தியோடு பொருள் சொன்னார்கள். அழகுதான், ஆனால் வேர்ச்சொல் அல்ல. ‘கைக்குஸ்’ஸில் உள்ள இரண்டாவது ‘க்’ வானத்துக்கான சொல்லில் இல்லை. சரிபார்க்க அந்த ஓர் எழுத்தே போதும்.

*

புனித சிசிலியாவுக்கு இசையோடு வந்த தொடர்பையும் சொல்லவேண்டும். திருமணத்தில் வாத்தியங்கள் முழங்க, அவர் ‘தம் இதயத்தில்’ இறைவனுக்குப் பாடினார் என்பதே பழைய வரலாறு. வழிபாட்டுப் பாடலில் ‘தம் இதயத்தில்’ விடுபட்டது. அதில் வரும் ‘ஒர்கானா’ என்ற லத்தீன் சொல்லுக்குப் பொதுவாக வாத்தியங்கள் என்று பொருள். பின்னால் அதை ஆர்கன் என்ற ஒரே வாத்தியமாகக் கொண்டார்கள். ஓவியங்களில் அவர் கையில் ஆர்கன் ஏறியது அப்படித்தான். நவம்பர் 22 திருநாள். ரோமில் 1585இல் தொடங்கிய இசைக் கழகமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

*

தமிழில் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்:

சிசிலி என்ற பெண் பெயரும் சிசிலித் தீவும் நம் எழுத்தில் ஒன்றே. தீவின் பெயர் சிக்கெல் என்ற பழங்குடியினரால் வந்தது, உறவில்லை.

அயர்லாந்தின் ஷீலா இதே கைக்கிலியாவின் உருமாற்றம். நம் ஊர் ஷீலா ‘சீலம்’ தந்த பெயர். ஒன்றின் பொருளை மற்றதற்கு எழுதக்கூடாது.

செலியாதான் உண்மையிலேயே சிக்கல். அது கைலியுஸ் என்ற வேறு குலத்தின் பெண்பால். ஆனால் சிசிலியாவின் சுருக்கமாகவும் புழங்குகிறது. அந்தக் குடும்பத்தில் யார் நினைவாக வைத்தார்கள் என்று கேட்டால்தான் தெளியும்.

*

ஒரு கூடுதல் செய்தி: மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமண்ணில் மண்புழுபோல் நெளியும், காலில்லாத நீர்நில வாழ்வன சிசிலியன்களுக்கும் வேர் அதே ‘கைக்குஸ்’தான். சில இனங்களில் கண் தோலுக்கடியில் மறைந்திருக்கும். 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திய அறிவியலாளர் லின்னேயஸ் வைத்த பேரினப் பெயர் கைக்கிலியா.