பழைய கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவியபின் நெட்வொர்க் வரவில்லையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அப்பாவின் மேசைக் கணினிக்கு வயது பதின்மூன்று. வன்தட்டு தகராறு செய்ததால் போன மாதம் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, முன்பு இருந்த அதே விண்டோஸ் 7-ஐ நிறுவினேன். அவர் பல வருடமாகக் கணக்கு எழுதிவரும் மென்பொருள் அதில்தான் ஓடும். நிறுவும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நெட்வொர்க்கை வரவழைக்க இரண்டு நாள் ஆனது.

"நேற்றுவரை வந்ததே, இன்றைக்கு ஏன் வரவில்லை?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கேபிள் அதேதான், ரவுட்டரும் அதேதான். ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்ட பிறகுதான் கணினியின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேபிளிலும் ரவுட்டரிலும் குறையில்லை என்று அந்த விளக்கே சொல்லிவிட்டது. கோளாறு கணினிக்குள் இருந்தது.

கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், கேபிள் வழி நெட்வொர்க்கைக் கவனிக்கும் ஈதர்நெட் கன்ட்ரோலர் சிப்பின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி. நிறுவும் வட்டில் இந்தச் சிப்புக்கான டிரைவர், அதாவது அதை இயக்க விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருள், இல்லை. முதல்முறை நிறுவியபோது யாரோ மதர்போர்டுடன் வந்த குறுந்தகட்டிலிருந்து ஏற்றியிருப்பார்கள். அந்தக் குறுந்தகடு இப்போது எங்கே என்று தெரியவில்லை. டிரைவர் இணையத்தில் இருக்கிறது, இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும்.

இந்த இடத்தில் கணினியின் மாடல் பெயரை வைத்துத் தேடி அலையாதீர்கள். மஞ்சள் குறியுள்ள வரியில் வலது கிளிக் செய்து, பண்புகளில் விவரங்கள் பக்கத்துக்குப் போய், வன்பொருள் அடையாள எண்ணைப் பாருங்கள். முதல் நான்கு இலக்கம் சிப்பைச் செய்த நிறுவனத்தையும் அடுத்த நான்கு இலக்கம் சிப்பின் வகையையும் குறிக்கும். எங்கள் கணினியில் முதல் எண் 8086, அதாவது இன்டெல். 1978-இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். அந்த எட்டு இலக்கத்தையும் கைப்பேசியில் தேடியதும் சரியான டிரைவர் கிடைத்தது. முதலில் 64 பிட்டுக்கானதை இறக்கிவிட்டேன்; நான் நிறுவியிருந்தது 32 பிட். அதில் ஒரு மாலை போயிற்று.

டிரைவர் ஏறியதும் 192.168.1.7 என்று முகவரி வந்தது. பிங் செய்தால், அதாவது வேறொரு கணினிக்குச் சிறு சோதனைச் செய்தி அனுப்பினால், பதிலும் வந்தது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழில் பிழை. மறுபடி ரவுட்டரைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். அப்பாதான் திரையின் வலது மூலையைக் காட்டி, "இது என்ன தேதி?" என்றார். 2009 ஜனவரி 1.

மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி வன்தட்டை மாற்றியபோது கடிகாரம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடங்கும் நாள் உண்டு. 2009-இல் நின்றுகொண்டு பார்க்கும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் தளங்கள் திறந்தன. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு 115 என்பதால் அதை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது.

*

பச்சை விளக்கைப் பார்த்தது நல்ல யோசனை. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். அதற்கான டிரைவர் பெரும்பாலும் விண்டோஸிலேயே இருக்கும். கைப்பேசி வழியாக இணையம் வந்துவிட்டால் மற்ற டிரைவர்களை அந்தக் கணினியிலேயே இறக்கலாம்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் அது ரவுட்டர் கொடுத்தது அல்ல. கேட்டுப் பார்த்துப் பதில் கிடைக்காமல் கணினி தானாக வைத்துக்கொண்டது. என் தங்கையின் மடிக்கணினியில் அப்படித்தான் இருந்தது. கேபிளின் ஒரு முனையில் கிளிப் உடைந்து, செருகியது பாதி வெளியே வந்திருந்தது.

*

என்னுடையது வைஃபை கதை. 2005-இல் வாங்கிய மடிக்கணினி, விண்டோஸ் எக்ஸ்பி. மறுபடி நிறுவியதும் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிந்தது, எங்களுடையது மட்டும் தெரியவில்லை. டிரைவரில் குறை என்று நினைத்து நான்கு டிரைவர்களை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் ரவுட்டர் 13-ஆம் சேனலில் (வைஃபை அலைவரிசையில்) இருந்தது. பல பழைய வைஃபை கார்டுகள் 11 வரைதான் பார்க்கும். 6-க்கு மாற்றியதும் பெயர் வந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தும் இணையவில்லை, ஏனென்றால் ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையில் இருந்தது. அந்த முறை வருவதற்கு வெகுகாலம் முன்பே செய்த கார்டு இது.

வீட்டு நெட்வொர்க் முழுவதையும் இதற்காகத் தாழ்த்த மனம் வரவில்லை. விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் தனியாக உருவாக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ், முந்தைய முறையான டபிள்யூபிஏ2 என்று வைத்தேன். டபிள்யூபிஏ2-க்காக எக்ஸ்பியில் மூன்றாம் சர்வீஸ் பேக் என்ற மேம்படுத்தல் தொகுப்பையும் ஏற்றினேன். மற்ற கணினிகளிலிருந்து அது பிரிந்திருப்பதும் நல்லதே.

*

இணையம் வந்தும் வீட்டின் பகிர்வுக் கோப்புறை திறக்காதவர்கள் இருந்தால் இதைப் படியுங்கள். கோப்புகளைப் பகிர எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறை மட்டுமே. புதிய விண்டோஸ்களில் அது இயல்பாக இருப்பதில்லை. அதைத் திரும்ப இயக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரல் பரவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். நான் அந்தப் பழைய கணினியில் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவிவிட்டேன். அதே வன்பொருள், இப்போது புதிய நெறிமுறையிலேயே கோப்புறையைத் திறக்கிறது.

*

எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவின் பழைய மடிக்கணினியையும் மறுபடி நிறுவினேன், அதுவும் விண்டோஸ் 7. இந்த முறை ஃபார்மேட் செய்யும் முன், சிஸ்டம்32-க்குள் டிரைவர் ஸ்டோரில் இருக்கும் ஃபைல் ரெபாசிட்டரி கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்துவைத்தேன். நிறுவி முடித்ததும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியைத் தேர்ந்து, டிரைவரை அந்தக் கோப்புறையில் தேடச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வைஃபை பெயர்கள் வரிசையாக வந்துவிட்டன. அந்தப் பென்டிரைவில் கணினியின் பெயரை எழுதி ஒட்டி, மடிக்கணினிப் பையிலேயே வைத்திருக்கிறேன்.