முயலின்ர லேபலை வெட்டினது பிழையாப் போச்சு

தையல்காரர், கிளிநொச்சி

கழுத்து தொங்கின முயல் பொம்மை ஒண்டு தைக்க வந்தது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: பிள்ளை கழுத்தில பிடிச்சுத் தூக்கித் திரிய, அந்த இடத்துப் பஞ்சு மேலயும் கீழயும் ஒதுங்கிப் போகும். பழைய பஞ்சை எடுக்கத் தேவையில்லை. முதுகுத் தையலை இரண்டு அங்குலம் பிரிச்சு, பொலியெஸ்டர் பஞ்சு ஒரு கைப்பிடியைச் சின்னச் சின்னதாய்ப் பிய்ச்சு, பென்சிலின்ர பின்பக்கத்தால தள்ளினால் தலை நிமிரும். உருண்டையாய் அடைச்சால் தொண்டையில கட்டி வந்த மாதிரி நிக்கும். பிறகு இரட்டை நூலால இரண்டு விளிம்பையும் உள்பக்கமாய் மாறி மாறிக் கோத்து இழுக்க, தையல் வெளியில தெரியாது.

எல்லாம் வடிவாத்தான் வந்தது. பின்பக்கம் ஊத்தையாய், நூல் நூலாய்த் தொங்கின லேபலையும் வெட்டி எறிஞ்சாச்சு. பிள்ளை முயலை வாங்கினா. கழுத்தைப் பார்க்கவே இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் நேர பின்பக்கம் போய், இல்லாத லேபலை உரசுது. திரும்பத் திரும்ப. அழவும் இல்லை.

முன்பள்ளி ஆசிரியை, ஒட்டுசுட்டான்

அண்ணை, தைக்க வாங்கேக்கையே தாயிட்டக் கேக்கவேணும்: “எந்த இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுறவ?” காது நுனி, வால், லேபல், ஏதோ ஒண்டு இருக்கும். அந்த இடத்தில கத்தரிக்கோல் படக்கூடாது. இனி அரை அங்குல சாட்டின் நாடா மூண்டு அங்குலம் வெட்டி, முனையை மெழுகுதிரியில லேசாய்க் காட்டி (இல்லாட்டில் பிரியும்), இரண்டாய் மடிச்சு அதே தையலுக்குள்ள வைச்சுப் பாருங்கோ.

புதுசு வாங்கிக் குடுத்தால் போச்சு எண்டு ஆரும் சொல்ல முதல்: புரூஸ் ஹுட், போல் புளூம் எண்ட இரண்டு உளவியலாளர் 2008இல வெளியிட்ட ஆய்வில, பொம்மையை அச்சொட்டாய்ப் பிரதி எடுக்கிற பெட்டி எண்டு பிள்ளையளுக்கு ஒரு வித்தை காட்டினவை. நித்திரைக்குக் கொண்டு போற பொம்மையெண்டால் அநேகமான பிள்ளையள் பழசையே கேட்டவை. சிலர் பெட்டிக்குள்ள வைக்கவே விடேல்ல.

மல்லாவியிலிருந்து ஒரு தகப்பன்

தோய்க்கிறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல, அதில தான் கன பொம்மை சாகிறது. கார்த்திகை மழைக்குள்ள தோய்ச்ச கரடி ஒண்டு, வெளிப்பக்கம் மட்டும் காய்ஞ்சு, மூண்டாம் நாள் வயித்துக்குள்ளால பூஞ்சண மணம். பிள்ளை மணந்து பார்த்திட்டுப் படியில வைச்சிட்டுப் போனான்.

தை பிறந்து வெயில் பிடிக்கும்வரை முழுசாய் நனைக்காதேங்கோ, ஈரத்துணியால துடைச்சாலே காணும். முதல் ஓட்டையைத் தையுங்கோ, தண்ணியில அது பெருக்கும். பாட்டுப் பாடுற பொம்மையெண்டால் பற்றறிப் பெட்டியைக் கழட்டவேணும். தலையணை உறைக்குள்ள போட்டு, வெதுவெதுப்பான தண்ணியில அமத்தி அமத்தி எடுங்கோ. முறுக்கினால் பஞ்சு கட்டி கட்டியாய்ப் போகும். எங்கட கல்சியம் கூடின கிணத்துத் தண்ணியில சவர்க்காரம் வெள்ளையாய்ப் படிஞ்சு மயிர் சொரசொரக்கும். கடைசி அலசலுக்கு அரை வாளித் தண்ணியில இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் அது கழண்டிடும். மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தால் இன்னும் நல்லம். பிறகு துவாயில சுத்தி அமத்தி, வெங்காயம் வாற வலைப் பையில போட்டு நிழலும் காத்தும் உள்ள இடத்தில தூக்குங்கோ. காதில கிளிப் குத்தினால் காது நீளும். இரண்டு நாள் போக நடுவில அமத்திப் பாருங்கோ, குளிர்ந்தால் உள்ளுக்கு ஈரம்.

இலவம்பஞ்சு அடைச்ச வீட்டுப் பொம்மையை நனைக்கவே கூடாது. பஞ்சை எடுத்து வெயிலில போட்டு, தோலை மட்டும் தோய்ச்சுத் திரும்ப அடையுங்கோ.

குடும்பநல உத்தியோகத்தர், புதுக்குடியிருப்பு

ரீச்சர், நாடா சரி. ஆனா ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை நித்திரை கொள்ளுற இடத்தில நாடாவும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம், மூச்சு அடைபடும். மூண்டு வயசுக்குள்ள எண்டால் பிளாஸ்ரிக் கண்ணைக் கழட்டிப்போட்டு நூலால கண் தையுங்கோ. ரொயிலற் பேப்பர் உருளைக்குள்ளால போற அளவு சாமான் எதுவும் தொண்டையில சிக்கும்.

மூச்சு இழுப்பு (ஆஸ்மா) இருக்கிற பிள்ளையின்ர பொம்மையைப் பையில கட்டி ஒரு நாள் முழுக்க பிறிஜ்ஜின்ர ஐஸ் பெட்டியில வைக்க, இழுப்பைக் கிளப்புற, கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி சாகும். ஆனா செத்த பூச்சியும் அதின்ர கழிவும் உள்ளுக்கேதான் கிடக்கும், பிறகு தோய்க்கத்தான் வேணும். பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு வையுங்கோ. ஒளிச்சு எடுத்த பொம்மையைத் தேடி ஒரு பிள்ளை இரவு பத்து மணிக்கு முற்றத்து லைற்றைப் போட்டு மாமரத்தடியைக் கிண்டிக்கொண்டு நிண்டது.

எல்லாப் பிள்ளைக்கும் பொம்மைதான் எண்டும் இல்லை. இஞ்ச கனபேருக்கு அம்மான்ர பழைய சீலைத் துண்டு. விலங்குப் பொம்மை, போர்வை, துணி எல்லாத்தையும் பிள்ளை ஆறுதலுக்குப் பிடிச்சிருக்கிற சாமான் எண்ட ஒரே வகைக்குள்ளதான் விணிக்கொற் எண்ட குழந்தை வைத்தியர் 1950களில வைச்சு எழுதினவர்.

பரந்தனிலிருந்து ஒருவர்

உப்பிடித் தாங்கித் தாங்கித்தான் பிள்ளையள் பழுதாகினம். ஐஞ்சு வயசுக்குப் பிறகு பறிச்சுப் போடவேணும்.

முன்பள்ளி ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பறிச்சால் அடுத்த நாள் விரல் வாய்க்குள்ள போகும், பாருங்கோ. வகுப்புக்குக் கொண்டு வந்தால் பையின்ர வெளிப் பொக்கற்றில காது மட்டும் தெரிய வைக்கச் சொல்லுவம். முதல் கிழமை பத்துத்தரம் தொட்டுப் பார்ப்பினம். பிறகு விளையாட்டில மறந்துபோவினம்.

தையல்காரர், கிளிநொச்சி

ரீச்சர், நாடா தைச்சுக் குடுத்தாச்சு. பிள்ளை அதைத் தொடேல்லையாம். முதுகில தையல் முடிஞ்ச இடத்தில மிளகளவு முடிச்சு ஒண்டு வெளியில நிண்டது, இப்ப அதைத்தானாம் உரசுறது. வெட்டவேண்டாம் எண்டு தாயிட்டச் சொல்லியிருக்கு.