நிச்சயத்தன்று இரண்டு வீட்டாரையும் பேச வைக்க என்ன விளையாட்டு வைக்கலாம்?

சென்னிமலைப் பெண்:
வணக்கம். தை மாதம் என் தங்கைக்கு எங்கள் வீட்டிலேயே நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக்காரர்கள். அப்பா தறி நெய்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று ஆண்கள் திண்ணையில் மழையையும் தேங்காய் விலையையும் பேசினார்கள். பெண்கள் ஆளுக்கொரு மூலையில் காப்பி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நிச்சயத்தன்றும் அப்படியே சாப்பிட்டுக் கலைந்துவிடக் கூடாது என்பது என் ஆசை. தட்டு மாற்றிய பிறகு பந்திக்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். மணமக்களை எதிரெதிரே உட்கார வைத்து ‘யாருக்குக் கோபம் அதிகம்’ என்று கேட்கும் விளையாட்டைத் தோழிகள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு யோசனை உண்டா?

கோபி அத்தை:
உன் மனம் சொன்னதுதான் சரி அம்மிணி. அவர்கள் இருவரும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேசிப் பழக வேண்டியவர்கள் சம்பந்திகள். நிச்சயம் முடிந்து உப்பு ஜவுளி, அதாவது கல்யாணத் துணிமணி, எடுக்கப் போகும்போது இரண்டு வீட்டுப் பெண்களும் நாள் முழுவதும் ஒரே கடையில் நிற்க வேண்டும். முகூர்த்தப் புடவையின் நிறத்தில்தான் முதல் மனத்தாங்கல் தொடங்கும். அதற்குள் ஒருவர் குணம் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ நல்லது.

முதலில் சீர் முறைப்படி முடியட்டும். பெரியவர்கள் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றி, பெண்ணுக்குப் பூ வைக்கும்வரை மைக் வேண்டாம், பாட்டு வேண்டாம். பிறகு பவானி ஜமக்காளத்தை விரித்துப் பல்லாங்குழியை வை. இந்தப் பக்கம் உன் அம்மா, அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ள வேண்டும். அந்த அவசரத்தில் கூச்சம் நிற்காது. என் மகன் நிச்சயத்தில் அதுவரை வாய் திறக்காத என் சம்பந்தியம்மா, சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து, “அந்தப் பசு என்னுடையது, வையுங்கள்” என்றார். இப்போது சந்தைக்கும் நாங்கள் சேர்ந்துதான் போகிறோம்.

அக்கம்பக்கத்தில் கேட்டு இன்னும் சில பல்லாங்குழிகள் வாங்கி வை. எதிரே உட்காருபவர் எதிர்வீட்டாராக இருக்க வேண்டும் என்பது மட்டும் சட்டம். அம்மாயி, ஆத்தா என்று பாட்டிமார் பக்கத்தில் இருந்து ஆட்டம் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் செய்யும் இணைச்சீர்ச் சடங்குக்கு நிற்கப்போகும் அவருடைய அக்காவை நடுவராக்கு. அவருக்கு உரிய மரியாதை அது. குடத்தில் மோதிரம் தேடுவதைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்.

தோப்புக்காரத் தம்பி:
அத்தை சொன்னது அருமை. ஆனால் எங்கள் பக்கத்து ஆண்கள் பல்லாங்குழிக்கு உட்கார மாட்டார்கள் அக்கா. அவர்கள் தொழிலை வைத்தே விளையாட்டு வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி ஒரு சாக்குத் தேங்காய் கொண்டுவரச் செய்யுங்கள். உங்கள் மாமன்மார் ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்து, இளசு எது, முற்றியது எது என்று சொல்ல வேண்டும். இளசில் தண்ணீர் நிறைந்திருக்கும், சத்தம் வராது, முற்றியதில் தளும்பும். இடைப்பட்டதில்தான் வாக்குவாதம் வரும், பேச்சும் வளரும். பதிலுக்கு நீங்கள் கைத்தறிப் போர்வையையும் விசைத்தறிப் போர்வையையும் கலந்து போட்டு, தடவிப் பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

காங்கேயத்துக்காரர்:
பந்தி முடிந்ததும் வள்ளிகும்மி ஆடுங்கள். வள்ளி திருமணத்தைப் பாடி ஆடுவது. சென்னிமலை முருகன் அடிவாரத்தில் அதைவிடப் பொருத்தம் வேறென்ன? அடவு தெரிந்தவர் நாலு பேர் முன்னால் நின்றால் போதும், மற்றவர்கள் பார்த்துச் சேர்ந்துகொள்வார்கள்.

சென்னிமலைப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. போர்வை விளையாட்டைச் சொன்னதும் அப்பா எழுந்துபோய்த் தன் கையால் நெய்த ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். ஜெயிக்கும் பக்கத்துக்கு அதையே கொடுக்க வேண்டும் என்கிறார். சமையலுக்கு ஒப்பிட்டும் (போளி) அரிசிம்பருப்பு சாதமும் முடிவாகிவிட்டன. அத்தை, பல்லாங்குழிக்குச் சோழி வாங்கட்டுமா?

கோபி அத்தை:
புளியங்கொட்டையே போதும் அம்மிணி. கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவை. ஈரமிருந்தால் விரலில் ஒட்டும். ஒரு பல்லாங்குழிக்கு நூறு கொட்டையாக எடுத்து வை, பிள்ளைகள் தொலைப்பார்கள்.