நாக்கு நரம்பு இம்ப்ளான்ட்: லெவலைக் கூட்டினால் தூக்கம் போகிறது, குறைத்தால் குறட்டை வருகிறது. என்ன செய்யலாம்?

விடியல்72 கேட்டது:

வணக்கம். எனக்குக் கடுமையான ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய். மணிக்குச் சராசரியாக 42 முறை மூச்சு தடைபடுகிறது என்று ஸ்லீப் ஸ்டடியில் வந்தது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சிபாப் கருவியின் மாஸ்க்கோடு நீண்ட நாள் மல்லுக்கட்டியும் ஒத்துவரவில்லை. கடைசியில் வலது மார்பில் இம்ப்ளான்ட் வைத்தார்கள். நாக்கை இயக்கும் நரம்புக்கு ஒரு ஒயர், மூச்சைக் கவனிக்க ஒரு சென்சார். மூச்சிழுக்கும்போது நரம்பைத் தூண்டி, நாக்கை முன்னால் தள்ளி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்குமாம். தையல் ஆறிய பிறகுதான் ஆன் செய்தார்கள். தூண்டலின் வேகத்தை வாரத்துக்கு ஒரு லெவலாக ஏற்றிக்கொண்டு வரச் சொல்லி ரிமோட்டைக் கையில் கொடுத்தார்கள்.

லெவல் 4 வரை ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் குறட்டை நிற்கவில்லை என்கிறாள் மனைவி. 5-க்குப் போனால் நடுராத்திரியில் நாக்கு முன்னால் தள்ளுவதில் விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமே பிடிப்பதில்லை. காலையில் நாக்கின் அடிப்பக்கம், கீழ்ப் பற்கள் படுகிற இடத்தில், சிவந்து எரிகிறது. தண்ணீர் குடித்தாலே சுரீர் என்கிறது. கருவியில் கோளாறா, எனக்கு இது சரிப்படாதா? பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏற்றிக்கொண்டே போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நித்திலா:

தம்பி, முதலில் ஏற்றுவதை நிறுத்துங்கள். எனக்கும் இதே கருவி இருக்கிறது, சில வருடங்களாகிவிட்டன. ஆரம்பத்தில் நாக்கு புண்ணாவது நிறையப் பேருக்கு வருவதுதான். கீழ்ப் பல்லின் விளிம்பு கூராக இருந்தால் ராத்திரி முழுக்க நாக்கு அதில் உரசும். பல் மருத்துவரிடம் காட்டி விளிம்பை மழுக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் கீழ்ப் பற்களுக்கு மெல்லிய உறை (கார்டு) செய்து போட்டுக்கொள்ளலாம். எனக்குக் கார்டு போட்டதும் புண் ஆறிவிட்டது. புண் ஆறும்வரை ஒரு லெவல் இறங்கிப் படுங்கள். ஒரேயடியாக ஆஃப் மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஒன்று செய்து பாருங்கள். பகலில் கண்ணாடி முன் உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்து, ஆன் செய்யுங்கள். நாக்கு எந்தப் பக்கம் போகிறது? முன்னால் வருகிறதா, உள்ளே சுருள்கிறதா? அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

விடியல்72:

நன்றி அக்கா. பார்த்தேன். லெவல் 4-ல் நாக்கு நேராக முன்னால் வந்து கீழ்ப் பல்லைத் தாண்டுகிறது, இடப்பக்கம் லேசாகச் சாய்கிறது. 5-ல் நுனி முன்னால் வந்தாலும் பின்பகுதி இறுகி உள்ளே இழுக்கிற மாதிரி இருக்கிறது. தொண்டையில் பிடித்தது போல் ஒரு உணர்வு.

இரவுப்பணி (ஸ்லீப் லேப் டெக்னீஷியன்):

சார், நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை வந்துவிட்டது. சாய்வைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு பக்க நரம்பை மட்டும் தூண்டுவதால் நாக்கு மறுபக்கம் கொஞ்சம் சாயும். கவனிக்க வேண்டியது அந்த உள்ளிழுப்பைத்தான். நாக்கை இயக்கும் அந்த ஹைப்போகுளோசல் நரம்பில் நாக்கை முன்னால் தள்ளும் இழைகளும் இருக்கின்றன, பின்னால் இழுக்கும் இழைகளும் இருக்கின்றன. தள்ளுகிற தசைக்குப் போகும் கிளைகளை மட்டும் சுற்றி ஒயர் முனையை வைக்கத்தான் அறுவை சிகிச்சையில் பாடுபடுவார்கள். ஆனாலும் மின்னழுத்தம் கூடக்கூட மின்புலம் விரிந்து பக்கத்து இழைகளையும் எழுப்பிவிடும். அப்போது ஒரு தசை தள்ளும், இன்னொன்று இழுக்கும். லெவல் ஏறியும் பலன் ஏறாது.

இதற்கு வழி ரிமோட்டில் இல்லை, டாக்டரிடம் இருக்கும் புரோகிராமரில் இருக்கிறது. ஒயர் முனையில் மூன்று எலக்ட்ரோடுகள் (மின்முனைகள்) உண்டு. எதை நெகட்டிவ் ஆக்குவது, எதைப் பாசிட்டிவ் ஆக்குவது, மார்பில் உள்ள பெட்டியையே ஒரு முனையாகச் சேர்ப்பதா என்று பல அமைப்புகளை மாற்றிப் பார்க்கலாம். ஒரு அமைப்பில் தாங்கவே முடியாதவருக்கு வேறொன்றில் குறைந்த வோல்ட்டிலேயே நாக்கு நேராக வருவதை லேபில் அடிக்கடி பார்க்கிறோம். போகும்போது "அமைப்பை மாற்றிப் பாருங்கள், சென்சார் அலையையும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மூச்சை இழுப்பதற்குச் சற்று முன்பே தூண்டல் தொடங்கி, இழுத்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். சென்சார் மூச்சைச் சரியாகப் பிடிக்காவிட்டால் வெளிவிடும்போது நாக்கு தள்ளும். தூக்கத்தைக் கலைக்க அதுவே போதும். ஒயரின் மின்தடையையும் அளப்பார்கள். கோளாறு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

நடுராத்திரி விழிப்புக்கு, தூண்டலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் பாஸ் (pause) பொத்தான் ரிமோட்டில் இருக்கிறது. அதை அழுத்திவிட்டுத் திரும்பத் தூங்குங்கள். அது முடிவதற்குள் தூக்கம் வரவில்லை என்றால் அந்த நேரத்தைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். படுத்ததும் தொடங்குவதற்கான தாமதத்தையும் அப்படியே நீட்டிக்கொள்ளலாம்.

குறட்டையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள் என்பதை அழுத்தியே சொல்கிறேன். மூச்சுத்தடை நன்றாகக் குறைந்தபிறகும் லேசான குறட்டை மிஞ்சலாம். குறட்டை அடங்கியவருக்கு உள்ளே தடை தொடர்வதும் உண்டு. எந்த லெவல் போதும் என்பதைக் கருவியோடு எடுக்கும் ஸ்லீப் ஸ்டடிதான் சொல்லும். நமக்கு வேண்டியது மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் மிகக் குறைந்த லெவல்.

மாஸ்க்வாசி:

இழையைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும். நானும் சிபாப்பை விட்டுவிட்டு இதைச் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன். யாருக்கெல்லாம் வைப்பார்கள்? நிஜமாகவே பலன் உண்டா?

இரவுப்பணி:

2014-ல் வெளிவந்த ஸ்டார் ஆய்வில் 126 பேருக்கு வைத்தார்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்பதன் இடைநிலை அளவு ஓராண்டில் 29.3-லிருந்து 9.0-க்கு இறங்கியது. பலன் கண்டவர்களில் 46 பேரை எடுத்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தபோது ஏறக்குறையப் பழைய நிலைக்கே போய்விட்டார்கள். அதனால் பலன் உண்டு, ஆனால் தினமும் ஆன் செய்தால்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதும் இல்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-ல் அனுமதித்தபோது மூச்சுத்தடை மணிக்கு 20 முதல் 65 வரை என்று இருந்த வரம்பை 2023-ல் 15 முதல் 100 வரை விரித்தார்கள். தடைகளில் கால் பங்குக்கு மேல் மூளையின் கட்டளை தவறுவதால் வருபவை என்றால் இது உதவாது. தூங்கவைத்து எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார்கள். அண்ணத்துக்குப் பின்னால் தொண்டை நாலு பக்கமும் வளையமாகச் சுருங்கினால் ஒற்றைப் பக்க இம்ப்ளான்ட் வேண்டாம் என்பார்கள். மோவாய்க்கு அடியில் வைத்து இரு பக்க நரம்பையும் தூண்டும் ஜெனியோ என்ற வகையும் இருக்கிறது. அதில் மார்பில் பேட்டரி கிடையாது. ராத்திரி மோவாயில் ஒரு வில்லையை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அதுவரை சிபாப்பை ஒதுக்கி வைக்காதீர்கள். மாஸ்க் அளவையும் காற்றழுத்தத்தையும் மாற்றினாலே நிறையப் பேருக்குச் சரியாகிவிடுகிறது.

விடியல்72:

போய் வந்தேன். நீங்கள் சொன்னபடியே கேட்டேன். சென்சார் அலை சரியாக இருக்கிறது, ஒயரிலும் பழுதில்லை. எலக்ட்ரோடு அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றில் முன்பைவிடக் குறைந்த வோல்ட்டிலேயே நாக்கு நேராக முன்னால் வந்தது, தொண்டைப் பிடிப்பும் இல்லை. தாமதத்தையும் பாஸ் நேரத்தையும் கூட்டித் தந்தார்கள். பல் விளிம்பைத் தேய்த்துவிட்ட பிறகு எரிச்சல் அடங்கியிருக்கிறது. இப்போது விடியும்வரை கருவி ஓடுகிறது. மல்லாந்து படுத்தால் மட்டும் குறட்டை கேட்கிறதாம். ஸ்டடிக்குத் தேதி வாங்கியிருக்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சம். முழங்கால் வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

இரவுப்பணி:

நல்ல செய்தி சார். ஸ்டடியில் மல்லாந்த நிலையிலும் கொஞ்ச நேரம் தூங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எம்ஆர்ஐ உங்கள் மாடலைப் பொறுத்தது. சில மாடல்களுக்கு நிபந்தனையோடு எடுக்கலாம், பழைய சிலவற்றுக்குக் கூடாது. இம்ப்ளான்ட் அட்டையில் மாடல் எண் இருக்கும். அதை ஸ்கேன் எடுப்பவர்களிடம் முன்கூட்டியே கொடுங்கள். முழங்காலுக்குப் பிசியோதெரபி என்று டயதர்மி (மின் அலைகளால் உடலுக்குள் சூடு கொடுக்கும் சிகிச்சை) கொடுக்க வந்தால் மட்டும் மறுத்துவிடுங்கள். அந்த ஆற்றல் ஒயர் வழியாகப் போய் நரம்பைப் புண்ணாக்கிவிடலாம்.